மிளகாய் அரைத்த கை

புதிய வீட்டுக்கு வேலைக்குப் போனால் செல்லக்கிளி முதலில் பார்ப்பது நோயாளியின் முகத்தை அல்ல, குதிகாலை. முகத்தை வீட்டுக்காரர்கள் துடைத்து, பவுடர் போட்டு வைத்துவிடுவார்கள். குதிகால் பொய் சொல்லாது. அங்கே தோல் சிவந்து கிடந்தால் அந்த ஆளை யாரும் புரட்டிப் போடவில்லை என்று அர்த்தம்.

போடிநாயக்கனூரில் படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பலர் உண்டு. முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள் குறைவு. செல்லக்கிளி புருஷன் இறந்த பிறகு மதுரையில் தங்கி அந்தப் படிப்பைப் படித்தாள். அதற்கு முன் மலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். ஒரு ஆளைத் தனியாகப் புரட்டவும், மூக்குக் குழாயில் கஞ்சி ஏற்றவும், புண்ணைக் கழுவவும், சண்டைக்கு வரும் மருமகள்களைச் சமாளிக்கவும் அவளுக்குத் தெரியும். அழுகிற வீட்டில் அவள் அழமாட்டாள். அழுதால் யார் துணி மாற்றுவது?

தங்கபாண்டியின் வீட்டுக்குப் போன அன்று மட்டும் அவள் குதிகாலை முதலில் பார்க்கவில்லை. வாசலில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஜீப்பைப் பார்த்தாள். பின்பக்கம் தார்ப்பாய் விலகி, ஏறி நிற்கும் படி தெரிந்தது. அவளுடைய தங்கை காளீஸ்வரி கடைசியாகக் கால் வைத்த இடம் அது.

விடியற்காலையில் போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளில் ஒன்று தங்கபாண்டியுடையது. உள்ளே இடமில்லையென்றால் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படித்தான் காளீஸ்வரி நின்றாள். போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் ஜீப் திரும்பியது, அவள் திரும்பவில்லை. ஜீப்புக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஏற்றமாட்டேன் என்று தான் சொன்னதாகவும், அவளாகத் தொற்றிக்கொண்டதாகவும் தங்கபாண்டி போலீசில் சொன்னான். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். மறுநாளும் அவர்கள் அதே ஜீப்பில்தானே போக வேண்டும்?

வழக்கு நின்றுபோனது. அதன் பிறகுதான் செல்லக்கிளி குரங்கணிச் சாலையில் இருக்கும் ஓடைக்கரை அம்மனிடம் போனாள்.

அந்த அம்மனுக்கு முகம் கிடையாது. ஓடையோரம் நட்டுவைத்த ஆள் உயரக் கல். பக்கத்தில் ஓர் அம்மி. நியாயம் கிடைக்காதவர்கள் வற்றல் மிளகாயைத் தங்கள் கையாலேயே அரைத்து, எதிராளியின் பேரைச் சொல்லிக் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். அம்மனுக்கு எரியும். எரிகிறவள் சும்மா இருக்கமாட்டாள் என்பது நம்பிக்கை. பூசாரி ஜக்கையன் அரைக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"இங்க பாரு ஆத்தா. அரைச்ச கை அந்த ஆளுக்குச் சோறு தண்ணி கொடுக்கக் கூடாது. கொடுத்தா, அந்த எரிச்சல் கை வந்த வீட்டுக்கே திரும்பும். எது ரொம்பப் பிரியமோ அதுமேல விழும்."

"அவனுக்கு நான் ஏன் சோறு போடப் போறேன்?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாக. பெறகு மனசு மாறுனா, அரைச்ச கைதான் கல்லக் கழுவணும். கழுவுறப்ப அந்த எதிராளி வீட்டு ஆளு வந்து தண்ணி ஊத்தணும். இத்தன வருசத்துல ஒருத்தரும் அப்படிச் சோடியா வந்து நான் பாத்ததில்ல."

செல்லக்கிளி அரைத்தாள். பூசினாள். பேரைச் சொன்னாள். கை எரிச்சல் தீர நேரமானது.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தங்கபாண்டி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோதே விழுந்தான். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. அவனுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது, மாத்திரையை நிறுத்தியிருந்தான், பீடியை நிறுத்தவில்லை. இதற்கு மிளகாய் தேவையே இல்லை. செல்லக்கிளிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சேதி கேட்ட அன்று அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். பிறகு யோசித்தபோது, அப்படிச் சாப்பிட முடிந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

சில மாதங்கள் கழித்து தங்கபாண்டியின் மனைவி பொன்னுமணி அவளுக்குப் போன் செய்தாள். "அக்கா, நீங்கதான் நல்லாப் பாப்பீங்களாம். எங்க வீட்டுக்காரர வந்து பாருங்கக்கா."

காளீஸ்வரியின் அக்கா என்று தெரியாமல்தான் கூப்பிடுகிறாள் என்று செல்லக்கிளி நினைத்தாள். ஒரே ஒரு தடவை போய், அவன் கிடக்கும் கிடையைப் பார்த்துவிட்டு, தோதுப்படாது என்று சொல்லிவிட்டு வருவதுதான் செல்லக்கிளியின் எண்ணம். கட்டிலருகே போனதும் பழக்கதோஷத்தில் போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தாள். தோல் கருத்து, நடுவில் நீர் கோத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் எலும்பு தெரியும்.

"தலகாணி கொண்டா தாயி," என்றாள். "சின்னதா இருக்கட்டும். வெரசா."

அவ்வளவுதான். அந்த வீட்டிலேயே வேலைக்கு நின்றுவிட்டாள்.

சோறு கொடுக்கக் கூடாது என்ற விதி அவளுக்கு மறக்கவில்லை. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவனுக்கு மூக்குக் குழாயில்தான் ஆகாரம். கஞ்சி சிரிஞ்சில் போகிறது, சிரிஞ்சிலிருந்து குழாயில், குழாயிலிருந்து நேரே வயிற்றுக்கு. கை எங்கே கொடுக்கிறது? வாயில் படவேயில்லையே. வக்கீல் கூட இவ்வளவு தெளிவாக வாதாடியிருக்க மாட்டார். அந்த வாதத்தின் பலத்தில் சில மாதங்கள் நிம்மதியாக ஓடின. குதிகால் ஆறியது.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வீட்டுக்குள் வந்தது.

தங்கபாண்டியின் மகள் நிலா கோயம்புத்தூரில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே டிவியில் ஒரு ஜப்பான் தொடரைப் போட்டாள். தமிழில் பேசுகிறது.

"என்னத்தா இது, பெரிய பொண்ணு பொம்மப் படம் பாக்குற?" என்றாள் செல்லக்கிளி.

"பொம்மப் படம் இல்ல பெரியம்மா, அனிமே. விளக்குக்காரின்னு பேரு. பாருங்க, எங்கப்பா கண்ணெடுக்காமப் பாக்குறாரு."

உண்மைதான். எதையும் பார்க்காமல் கூரையில் நின்றிருந்த அவன் கண்கள் முதன்முறையாக ஒன்றைப் பின்தொடர்ந்தன. மூளைக்கு நல்லது. அதனால் நிலா திரும்பிப் போன பிறகும் செல்லக்கிளி தினமும் மதியம் அதைப் போட்டாள். போட்டதால் தானும் பார்க்க வேண்டியதாயிற்று.

பனி மூடிய மரப்பாலம். அதில் ஒரு பெண் காகித விளக்குகள் விற்கிறாள். யார் மீதாவது தீராத ஆத்திரம் இருப்பவர்கள் மட்டும்தான் அந்தப் பாலத்தைப் பார்க்க முடியும். விளக்குக்குள் எதிரியின் பேரை ஊதினால் அவள் அதை ஏற்றிவைப்பாள். விளக்கு எரிந்து முடிவதற்குள் எதிரி முடிந்துபோவான். விலை என்ன என்று கேட்டால் அவள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அணைந்த விளக்கின் கரி, கேட்டவர்களின் வீட்டில் எதன் மீதாவது படிந்துவிடும். எதன் மீது என்பது அது கருகும்போதுதான் தெரியும். ஒருத்திக்குத் தம்பி, ஒருவனுக்குப் பார்வை. ஒரு கிழவருக்கு, அவர் யாருக்காகப் பழி வாங்கினாரோ அந்தப் பிள்ளையின் முகமே நினைவிலிருந்து அழிந்துபோனது.

முதல் நாள் பார்த்துவிட்டுச் செல்லக்கிளி சிரித்தாள். ஜப்பானிலும் ஒரு ஜக்கையன் இருக்கிறார் போல என்று நினைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு வரவில்லை. பாலத்தில் அந்தப் பெண் தீக்குச்சியை உரசும்போது செல்லக்கிளிக்கு உள்ளங்கை எரியத் தொடங்கியது. பட்டப்பகல், மின்விசிறி சுற்றுகிறது, தெருவில் தயிர்க்காரர் கூவுகிறார். ஆனாலும் எரிந்தது.

இன்னொன்றையும் கவனித்தாள். விளக்கை ஏற்றும் கட்டம் வந்தால் பொன்னுமணி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். போய் எதையாவது உருட்டுவாள். படம் முடிந்த பிறகுதான் வருவாள். பயந்த சுபாவம் போல என்று செல்லக்கிளி விட்டுவிட்டாள்.

பிறகு டாக்டர் வந்து, விழுங்கும் திறன் வந்துவிட்டது என்று குழாயை எடுத்துவிட்டார். இனிமேல் கெட்டியான கஞ்சியாகக் கரண்டியில் ஊட்ட வேண்டும்.

வாதம் உடைந்துபோனது.

"தாயி, நீயே ஊட்டுறயா? பொஞ்சாதி கையால குடுத்தா நல்லது," என்றாள் செல்லக்கிளி.

"அய்யோ, எனக்குப் பயமா இருக்குக்கா. ஒங்க கைதான் ராசி. நீங்களே ஊட்டுங்க." பொன்னுமணி கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்கவும் வைத்தாள்.

செல்லக்கிளி அவன் தலையை உயர்த்தி, முகவாயைத் தாழ்த்தி, கரண்டியை இடது கையால் எடுத்தாள். அரைத்தது வலது கை. இடது கைக்கு இதில் சம்பந்தமில்லை.

"எடது கையால ஊட்டாதீங்கக்கா. ஆகாது."

வலது கைக்கு மாற்றினாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டாள்.

"அந்த வாடை அவருக்கு ஒத்துக்கிறதில்லக்கா. வெறுங்கையாலயே குடுங்க."

கழற்றினாள். முதல் கரண்டிக் கஞ்சி உள்ளே போனது. தங்கபாண்டி சரியாக விழுங்கினான். விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"கா... ளி..."

செல்லக்கிளியின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. அவன் பேசி அவள் கேட்ட முதல் சொல் அது. பொன்னுமணி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "தூக்கத்துல கூட அதத்தான் மொனகுறாரு," என்றாள். "சாமியக் கூப்புடுறாரு போல."

செல்லக்கிளிக்குத் தெரியும், அது சாமி இல்லை.

அன்று முதல் அவள் பயம் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தது. எது ரொம்பப் பிரியமோ அதன்மேல் விழும். அவளுக்கு உலகத்தில் இருப்பது ஒரே மகள். தேவாரத்தில் கட்டிக்கொடுத்த முத்துப்பிரியா. கல்யாணமாகி வருடக்கணக்கில் பிள்ளை தங்காமல், இரண்டு தடவை வந்தும் போய், இப்போதுதான் ஒன்று நின்றிருந்தது. கண்ணேறு படும் என்று செல்லக்கிளி அதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்யும் வீட்டில் மூச்சே விடவில்லை.

முதல் கரண்டி போன அதே வாரம், மகள் போனில் சொன்னாள். "அம்மா, செருப்பு பத்த மாட்டேங்குது. கால் வீங்கியிருக்கு."

"முகம்?"

"காலைல எந்திரிக்கிறப்ப லேசா."

"தலவலி இருக்கா? கண்ணு மங்குதா?"

"நர்சு மாதிரி கேக்காதம்மா. அம்மா மாதிரி பேசு."

"நர்சு மாதிரிதான் கேப்பேன். நாளைக்கே போயி கொதிப்புப் பாரு. ஒன்னுக்கையும் டெஸ்ட்டு பண்ணச் சொல்லு."

கொதிப்பு கூடியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இப்படிக் கர்ப்பிணிகளுக்கு வருவது சகஜம், அதற்கு மருத்துவம் இருக்கிறது என்பது அவள் படித்த பாடம். பாடம் ஒரு பக்கம் இருந்தது, கரண்டி ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் ஊட்டும்போது அவளுக்குத் தோன்றியது, இந்தக் கஞ்சி இவனுக்கு இறங்க இறங்க அங்கே அவளுக்குக் கால் வீங்குகிறது என்று. வேலையை விட்டுவிடலாம். விட்டால் இவனை யார் பார்ப்பார்கள்? குதிகால் மறுபடியும் கருக்கும். செத்துப்போனால் அதுவும் அவள் கணக்கில்தானே சேரும்? மதியம் டிவியில் விளக்கு எரிந்தது, அணைந்தது, கரி பறந்தது. அது எந்த வீட்டில் படியப்போகிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வளைகாப்பை ஒளித்துச் செய்ய முடியாது. தேவாரத்தில் வளையல் போட்டார்கள். மறுநாள் செல்லக்கிளி புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு எல்லாம் தூக்குச்சட்டியில் போட்டுப் பொன்னுமணிக்குக் கொண்டுவந்தாள்.

"என்னக்கா விசேசம்?"

"எம் மகளுக்கு வளகாப்பு. இத்தன வருசம் கழிச்சு... சொல்ல வேணாம்னு இருந்தேன். வயித்துப் புள்ளைக்காரி, அதான்."

பொன்னுமணி தூக்கை வாங்கவில்லை. கை நீட்டியபடியே நின்றாள். முகம் வெளிறி, உதடு உலர்ந்து, மயங்கி விழப்போகிறாளோ என்று செல்லக்கிளி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டம் என்றால் மலையிறங்கும் லோடு ஜீப் ஓட்டம்.

"ஒன்னுமில்லக்கா. சாப்புடல."

அன்று மதியமே மாறிவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். "நான் ஊட்டிக்கிறேன். நீங்க தொடாதீங்க."

"ஒனக்குத் தெரியாது தாயி. தல ஒசரமா..."

"தொடாதீங்கன்னு சொல்றேன்ல!"

அடுத்த வேளையும் அப்படியே. செல்லக்கிளி ஒரு ஓரமாக நின்றாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். யாரோ சொல்லிவிட்டார்கள். இவள் புருஷன் பேரைச் சொல்லி நான் அரைத்தது தெரிந்துவிட்டது. நாளைக்கு இல்லாவிட்டால் மறுநாள் என் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுப்பாள்.

தெருவில் இழுக்கப்படுவது பற்றி அவளுக்குப் பெரிய கவலை இல்லை. அதைவிடப் பெரிய சேதி மறுநாள் காலையில் வந்தது. மருமகன் வினோத்குமார் பேசினான். "அத்தே, பிரியாவுக்குக் கண்ணு மங்கலாத் தெரியுதுன்னா. தேனி பெரியாஸ்பத்திரில சேத்துட்டோம். கொதிப்பு எறங்கலைன்னா இன்னைக்கே ஆபரேசன் பண்ணிப் புள்ளைய எடுக்கணும்கிறாக."

"மாசம் பத்தாதே மாப்ளே."

"தெரியும் அத்தே. நீங்க வாங்க."

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் தங்கபாண்டியின் வீடு. சொல்லிவிட்டுப் போவோம் என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தங்கபாண்டி மல்லாக்கப் படுத்திருந்தான். பொன்னுமணி அவன் வாயில் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் முகம் நீலம் பூத்திருந்தது. சத்தமே வரவில்லை. சத்தம் வராததுதான் ஆபத்து.

"நவுரு!" செல்லக்கிளி பையை எறிந்தாள். அவனை ஒருக்களித்துப் புரட்டி, தோளைத் தன் முழங்காலில் சாய்த்து, வாய்க்குள் தெரிந்த கட்டியை விரலால் வழித்துப் போட்டாள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மறுபடி. மறுபடி. இந்த அடியைக் காளீஸ்வரிக்காக அடித்திருந்தால் இதைவிட ஓங்கி அடித்திருக்க முடியாது. கஞ்சித் திரள் வெளியே வந்து விழுந்தது. அவன் மூச்சை இழுத்த ஓசை அறை முழுக்கக் கேட்டது.

"ஏன்டி இப்புடிப் பண்ணுன?" மரியாதையெல்லாம் போய்விட்டது. "படுக்கப் போட்டு ஊட்டுவாகளா? அவனக் கொல்லப் பாத்தியா?"

பொன்னுமணி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்க கை படக் கூடாதுன்னுதான்க்கா! ஒங்க கையால இன்னொரு வாய் போகக் கூடாது! அந்தப் புள்ளைக்கு ஆகாது!"

செல்லக்கிளி தங்கபாண்டியைத் தலையணையில் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க அரைச்ச அன்னிக்குச் சாயங்காலமே."

"பெறகு எதுக்கு என்னையக் கூப்ட்ட?"

"அதுக்காகத்தான் கூப்ட்டேன்." பொன்னுமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "ஜக்கையன் மாமாதான் அந்த வெவரம் சொன்னாரு. அரைச்ச கை சோறு போட்டா அந்தக் கை வந்த வீட்டுக்கே திரும்பும்னு. எம் புருசன இப்புடிப் போட்டவ கையாலயே அவருக்கு ஊட்ட வைக்கணும்னு நெனச்சேன். கொழாயா இருந்தப்ப எண்ணிக்கிட்டே இருந்தேன், எப்படா எடுப்பாகன்னு. மகளக் கட்டிக்குடுத்துட்டு வீட்டுல நீங்க ஒத்தக்கட்டைன்னு சொன்னாக. ஒங்களுக்குத்தான் வரும்னு நெனச்சேன்க்கா. மக இருக்குறது தெரியும், தேவாரத்துல நல்லா இருக்கான்னு தெரியும். வயித்துல இருக்குறது தெரியாது. சத்தியமாத் தெரியாது."

ராசியான கை. வெறுங்கையாலேயே கொடுங்க. இடது கை ஆகாது. செல்லக்கிளிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இத்தனை நாள் இவள் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறாள்.

அடிப்பதற்கு நேரமில்லை, அழுவதற்கும் நேரமில்லை. "அவ ஆஸ்பத்திரில இருக்கா. இன்னைக்கே ஆபரேசன்," என்றாள்.

பொன்னுமணி எழுந்தாள். "அப்ப நீங்க தேனிக்கா போறீங்க?"

"பெறகு?"

"அங்க போயி நீங்க என்ன செய்வீங்க? டாக்டர் இருக்காரு. மருமகன் இருக்காரு. ஓடைக்கரைக்கு வாங்கக்கா. அரைச்சவங்க கழுவணும், எதிராளி வீட்டு ஆளு தண்ணி ஊத்தணும். நான்தான் அந்த வீட்டு ஆளு. வாங்க."

படித்த பாடம் தேனிக்குப் போகச் சொன்னது. செல்லக்கிளி தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, தங்கபாண்டியை உட்கார்த்தி வைக்கவும், வாயில் எதையும் போடாமல் இருக்கவும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் குரங்கணி போகும் ஜீப் நின்றது. தங்கை செத்த நாளிலிருந்து செல்லக்கிளி ஜீப்பில் ஏறியதில்லை. உள்ளே இடமிருந்தது. ஆனாலும் வளைவுகளில் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கையைப் பொன்னுமணி பிடித்திருந்தாள். யாருடைய கை ஈரமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஓடையில் தண்ணீர் குறைவாக ஓடியது. ஜக்கையன் இல்லை, மேலே தோட்டத்துக்குப் போயிருந்தார். கல் அங்கேயே நின்றது.

செல்லக்கிளி கிட்டே போய்ப் பார்த்து நின்றுவிட்டாள். தலையிலிருந்து அடிவரை கல்லே தெரியவில்லை. நேற்றுப் பூசியது சிவப்பாக, போன மாதம் பூசியது பழுப்பாக, அதற்கும் கீழே கறுப்பாகப் பொருக்குத் தட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஊர் மிளகாய் முழுவதும் அங்கே இருந்தது. இத்தனை பேரா? இத்தனை பேர் இங்கே வந்து பேர் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி பஸ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்களா?

"இதுல ஒங்களுது எதுக்கா?" பொன்னுமணி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே நெறமா இருக்கு."

"பெறகு?"

"அடியில கெடக்கும். ஊத்து."

பொன்னுமணி அம்மிக்கருகே கிடந்த குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினாள். செல்லக்கிளி வெறுங்கையால் தேய்த்தாள். ஊறிய பொருக்கு நகத்துக்குள் ஏறியது. காரம் காற்றில் கிளம்பி இருவருக்கும் தும்மலும் இருமலும் கண்ணீரும். மணிக்கட்டு வரை நெருப்பு. யாரோ யாருக்கோ வேண்டிய சாவு, யாரோ கேட்ட கண், யாரோ கேட்ட குடும்ப நாசம், எல்லாம் சிவப்பாகக் கரைந்து ஓடையில் இறங்கியது. கீழே கடைசியில் கல் தெரிந்தது. சாதாரணக் கருங்கல். வழியில் வாங்கி வந்திருந்த இளநீரை ஊற்றினார்கள், பாலை ஊற்றினார்கள்.

"அட நாசமத்துப் போறவளுகளா!"

ஜக்கையன் மேட்டில் நின்று கத்தினார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஊர் வழக்கு அம்புட்டையும் கழுவிட்டீங்களே! நேத்துத்தான் ராசிங்காபுரத்துக்காரன் ஒருத்தன் பூசிட்டுப் போனான். அவனுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"மழ பேஞ்சுச்சுன்னு சொல்லுங்க மாமா," என்றாள் பொன்னுமணி.

"இந்த வெயில்லயா?"

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் புதிதாக ஒரு பயம் பிடித்தது. மற்றவர்களின் வழக்கைக் கழுவினால் அதற்கு விலை என்ன? "மாமா, இதுக்கு ஏதும்..."

ஜக்கையன் இறங்கி வந்து ஈரக் கல்லைத் தடவிப் பார்த்தார். "தெரியலயே ஆத்தா. இதுவரைக்கும் யாரும் பண்ணதில்லயே," என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

ஓடைக்கரையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஜீப் கீழே இறங்கி, முந்தல் கிராமத்தைத் தாண்டியதும் அவள் மடியில் போன் அதிரத் தொடங்கியது. மருமகனின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அவள் அதை எடுக்கவில்லை. எரிகிற விரலால் தொடப் பயந்தாள். பொன்னுமணிதான் தன் புறங்கையால் அழுத்தி, அவள் காதில் வைத்தாள்.

"அத்தே, எங்க போனீங்க? பொண்ணு பொறந்திருக்கு. அழுதுச்சு. சின்னதா இருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக. பிரியாவுக்குக் கொதிப்பு எறங்குது."

"எத்தன மணிக்கு எடுத்தாக?"

"நீங்க என்னத்தே... காலைலயே. நான் ஒங்கள்ட்டப் பேசுன கொஞ்ச நேரத்துல."

கல்லைக் கழுவுவதற்கு முன்பே. ஜீப் ஏறுவதற்கு முன்பே. அப்படியானால் கழுவியதால் இல்லை. அப்படியானால் கரண்டியாலும் இல்லையோ? அவள் யோசித்துப் பார்த்தாள். காலையில் அந்த நேரத்தில் அவள் தங்கபாண்டியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்திருப்பாள். மேலே யோசிக்க வேண்டாம் என்று விட்டாள். பிள்ளை இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியிலிருந்து வெளியே வரட்டும்.

போடியில் இறங்கியதும் தேனி பஸ்சுக்குப் போகும் முன் தங்கபாண்டியின் வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் காலையிலிருந்து பட்டினி. கையை மோரில் நனைத்தாள், எண்ணெய் தடவினாள், எரிச்சல் அடங்கவில்லை. இந்தக் கையால் ஊட்டினால் அவன் வாய் வெந்துவிடும்.

"நீ ஊட்டு," என்றாள். "நான் சொல்ற மாதிரி. தலகாணி இன்னொன்னு வை. மோவாயத் தாழ்த்து. அரைக் கரண்டி. முழுங்குனாரா பாரு. கன்னத்துக்குள்ள அடக்கி வச்சிருப்பாரு, பாரு. ம். இப்ப அடுத்தது."

பொன்னுமணி அப்படியே ஊட்டினாள். தங்கபாண்டி ஒவ்வொரு வாயையும் விழுங்கிவிட்டுச் செல்லக்கிளியையே பார்த்தான். கிண்ணம் காலியானதும் அவன் வாய் மறுபடி கோணியது. "காளி," என்றான். இந்தத் தடவை தெளிவாக. ஒருபக்கம் சாய்ந்திருந்த முகத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. காதுக்குள் ஈரம் நிற்கக் கூடாது. செல்லக்கிளி துண்டின் நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு வருவீங்களாக்கா?"

செல்லக்கிளி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "புள்ளையப் பாத்துட்டுத்தான். ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் புரட்டிப் புரட்டிப் போடு. குதிகால் செவந்திருந்துச்சுன்னா ஒன்னைய விடமாட்டேன்."

"சரிக்கா." பொன்னுமணி டிவியைப் பார்த்தாள். "மதியம் அந்தப் படம் கடைசி நாளாம். நிலா போன்ல சொன்னா. அவரு கேப்பாரு. போடவா?"

வாசல் வரை போன செல்லக்கிளி நின்றாள். ஜீப்பின் தார்ப்பாய் காற்றில் விலகி, பின்படி தெரிந்தது.

"போடு," என்றாள். "ஆனா வெளக்கு ஏத்துற எடத்துல நீ அடுப்படிக்கு ஓடிராத. அவரு தனியாப் பாத்தா பயந்துருவாரு."